நாலு ஜிபியும் ஒரு பொய்யும்

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குப் பின்னால் பாதி ஏறிய நிலையில், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் ஓர் அடங்கல் நகல். விளாத்திகுளத்தில் நான் நடத்தும் ஆன்லைன் சேவைக் கடையில், பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்ய அன்றுதான் கடைசி நாள். எதிரே, உளுந்து விதைத்திருந்த ஒரு சம்சாரி மஞ்சள்பையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

என் லேப்டாப் நான் கல்லூரியில் படித்தபோது வாங்கியது. நாலு ஜிபி மெமரி. ஸ்கேன் செய்த தாள்களையும் காப்பீட்டுப் பக்கத்தையும் சேர்த்துத் திறந்தால் அதற்கு மூச்சு வாங்கும். மெமரியைக் கூட்டிவிடுங்கள் என்று கோவில்பட்டி மெக்கானிக் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பழசுக்குச் செலவழிக்க மனம் வரவில்லை, புதிது வாங்கத் துணிவும் இல்லை. ஓடுகிற வரை ஓடட்டும் என்பது சோம்பேறிகளின் சித்தாந்தம். அதில் நான் முதல் ஆள்.

மூன்று முறை அணைத்துப் போட்டும் பதிவு ஏறவில்லை. "என்ன தாயி, ஆகுதா?" என்றார் அவர். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். யாராலும் மறுத்துப் பேச முடியாத பதில்.

"சர்வர் கிடைக்க மாட்டேங்கு அண்ணாச்சி. தேதிய நீட்டுவாங்க, கவலப்படாதீங்க."

"அதுக்கு நீ என்ன தாயி செய்வ?" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு ஐந்து மணி பஸ்ஸுக்குப் போனார். அவர் போன பிறகும் முயன்று பார்த்தேன். நடக்கவில்லை.

தேதியை நீட்டவில்லை. அறுவடை நேரத்து மழையில் அவருடைய உளுந்து செடியிலேயே முளைத்துவிட்டது. பக்கத்துப் புஞ்சைக்காரர்களுக்கு இழப்பீடு வந்தது, அவருக்கு வரவில்லை. என்னிடம் வந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வழியில் பார்க்கும்போதெல்லாம் "நல்லா இருக்கியா தாயி?" என்றுதான் கேட்டார். நான் கூனிக் குறுகிப் போவேன்.

இந்த வருடம் பதிவு தொடங்குமுன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போனேன். "போர்டு பழசுக்கா. மெமரி போட்டா வேகமா ஓடும், ஆனா எத்தன நாளைக்குன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார் மெக்கானிக். நான் கேட்கவில்லை. எட்டு ஜிபி ஆக்கச் சொன்னேன்.

பதிவு தொடங்கிய முதல் நாளே அந்தச் சம்சாரி வந்துவிட்டார். பத்து நிமிடத்தில் ரசீது கையில். "இந்த வருசம் சர்வர் நல்லா வேல செய்யுதே!" என்று சிரித்தார். ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். முடியவில்லை.

"போன வருசமும் சர்வர் நல்லாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி. என் லேப்டாப்புதான் நின்னுபோச்சு. ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவர் கோபப்படவில்லை. ரசீதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். சாலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு சேவைக் கடை இருக்கிறது. போன வருடம் அந்தக் கடைசி நாளிலும் அங்கே கூட்டமில்லை. வாசலில் நின்று அதையே சற்று நேரம் பார்த்தார்.

"அப்பமே சொல்லியிருந்தா அங்கன போயிருப்பேம்லா, தாயி."