கொசுறு யார் கணக்கில்?

பிரேமலதா வேலையை விட்ட இடங்களைச் சொன்னால் திருச்சியில் பாதி பஸ் ரூட் வந்துவிடும். தென்னூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ், பாலக்கரையில் ஒரு டைல்ஸ் கடை, இன்னும் சில. எல்லா இடத்திலும் காரணம் ஒன்றுதான். "இந்த நம்பரைக் கொஞ்சம் மாத்திப் போடும்மா" என்று யாராவது சொல்வார்கள். இவள் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். இவளுக்கு வாய் நீளம் என்பார் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா. இவள் வாய் சரியான அளவுதான், மற்றவர்களுக்குத்தான் நாக்கு குட்டை என்பது என் கட்சி.

இப்போது அரியமங்கலத்தில் ஜெய்சங்கரின் அப்பளக் கம்பெனியில் கணக்குப் பிரிவு. பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். கம்பெனியில் ஒரு பக்கம், ஜெய்சங்கர் கடன் வாங்கிப் போட்ட புது மிஷின். மறுபக்கம் ஷரபுன்னிசாவும் அவரோடு பத்துப் பன்னிரண்டு பெண்களும் கையால் அப்பளம் இடும் கூடம்.

போன வருஷம் ஜெய்சங்கர் ஒரு ரிப்போர்ட் சாஃப்ட்வேர் வாங்கினார். பாக்கெட்டுக்கு அடக்க விலை என்ன, தள்ளுபடியும் வண்டிக்கூலியும் போக விற்ற பாக்கெட்டுக்குக் கையில் நிற்பது என்ன என்று அது கலர் போட்டுக் காட்டும். முதல் ரிப்போர்ட்டில் மிஷின் அப்பளம் பச்சை. கை அப்பளம் ரத்தச் சிவப்பு. அதன் அடக்கமே விற்ற விலையைத் தாண்டி நின்றது.

ஜெய்சங்கருக்கு முகமெல்லாம் பல். "நான் அப்பவே நினைச்சேன். கைக்கூடத்தை மாசக் கடைசியோட மூடிடலாம்மா. அவங்களுக்கு நோட்டீஸ் டைப் பண்ணிடு."

பிரேமலதா டைப் செய்யவில்லை. அதே உளுந்து, அதே எண்ணெய், கூலியும் அப்படி ஒன்றும் கொட்டிக் கொடுப்பதில்லை. பிறகு எப்படி நஷ்டம்? ஸ்டாக்கைப் பார்த்தாள். கைக்கூடம் கட்டிக் கொடுத்த பாக்கெட்டில் பெரும்பகுதிக்கு பில்லே இல்லை. யாரோ திருடுகிறார்கள் என்று நினைத்து, வண்டியில் சரக்கு ஏற்றும் காத்தானைப் பிடித்தாள்.

"திருட்டெல்லாம் இல்லம்மா. கொசுறு. காந்தி மார்க்கெட்ல பத்து பாக்கெட் எடுத்தா ஒண்ணு கொசுறு குடுக்கணும். என்னைக்கும் உள்ள வழக்கந்தானே."

"மிஷின் அப்பளம் எடுத்தா மிஷின் அப்பளந்தானே குடுக்கணும்?"

காத்தான் சிரித்துவிட்டார். "அதைக் கொசுறா யாரும்மா வாங்குவாங்க? கை அப்பளம் குடுத்தாத்தான் மிஷின் சரக்கை இறக்கவே விடுவாங்க."

சாஃப்ட்வேருக்கு இது எப்படித் தெரியும்? கைக்கூடத்தின் மொத்தச் செலவையும் பில் போட்ட கொஞ்சம் பாக்கெட்டின் தலையில் வகுத்துக் கட்டிவிட்டது. பிரேமலதா கொசுறின் அடக்கத்தை, அது எந்தச் சரக்கோடு போனதோ அந்தச் சரக்கின் வரவில் கழித்தாள். நிறம் மாறியது. கை அப்பளம் பச்சைக்கு வந்தது. மிஷின் சிவந்தது.

ஜெய்சங்கரும் சிவந்தார். "பழையபடியே போடும்மா. மிஷினுக்கு நான் பேங்க்ல பதில் சொல்லணும்."

"மிஷின் நஷ்டத்தை அவங்க தலையில கட்டி, அவங்களையே வெளியில அனுப்புவீங்க. நான் அதுக்கு நோட்டீஸ் அடிக்கணும். மாட்டேன் சார்."

"அப்ப நீயும் கெளம்பு."

அவள் கிளம்பினாள். ஆனால் இந்தத் தடவை பஸ் ஸ்டாப்புக்குப் போகவில்லை. ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே கைக்கூடத்துக்குப் போய், வரி வரியாகப் படித்து விளக்கினாள். நோட்டீஸ் வரப்போகும் விஷயத்தையும் சொன்னாள்.

ஷரபுன்னிசா அப்பளக் குழவியைக் கீழே வைத்தார். "அந்த மிஷினை இத்தன நாளா நாங்கதான் தூக்கிச் சுமந்திருக்கோம். இதுல நஷ்டமும் எங்களாலயா?"

அந்த நேரம் பார்த்துக் காத்தான் கொசுறுக் கூடையை எடுக்க வந்தார். மார்க்கெட் வண்டி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. ஷரபுன்னிசா கூடையைத் தன் பக்கம் இழுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பில் போட்டு எடுத்துட்டுப் போங்க." மற்ற பெண்களும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள்.

விஷயம் கேட்டு ஜெய்சங்கர் ஓடி வந்தார். "கொசுறுக்குப் போய் யாராவது பில் போடுவாங்களா?"

"மார்க்கெட்காரங்களுக்குப் போட வேணாம் மொதலாளி. உங்க மிஷினுக்குப் போடுங்க" என்றார் ஷரபுன்னிசா.

ஜெய்சங்கரின் சட்டைப்பையில் போன் அடித்தது. மார்க்கெட்டிலிருந்துதான், வண்டியை ஏன் இன்னும் காணோம் என்று. போனை அணைத்தார். கூடையைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், கடைசியில் பிரேமலதாவைப் பார்த்தார்.

"போய் பில்லைப் போடும்மா."

"என்னைக் கெளம்பச் சொன்னீங்களே சார்."

"அதான் போடச் சொல்றேன்ல!"

"மிஷின் கணக்கிலயா?"

அவர் வாசலில் உறுமும் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "மிஷின் கணக்கிலதான்."

பிரேமலதா பில்லை அச்செடுத்து வந்து நீட்டினாள். ஜெய்சங்கர் கையெழுத்துப் போட்டார். ஷரபுன்னிசா அதை வாங்கி, மை காய ஊதி, இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் கூடையை விட்டார்.