சம்பலுக்குப் போன மாப்பிள்ளை

மாசிக் கருவாடு மாலைதீவிலும் நம்ம ஊர்ச் சட்டியிலும் மட்டும்தான் இருக்கிறது என்று முப்பது வயது வரைக்கும் நம்பியவன் நான். கப்பல் வேலைக்குப் போகிற தம்பிமார் சிரித்துவிட்டுப் போங்கள். ஆனால் எதையும் இடிக்கும் முன்னால் அது யாருடையது என்று கேளுங்கள்.

பலாபத்வலையில் நான் சமைத்துக்கொண்டிருந்த சாப்பாட்டுக் கடை கலவரத்தில் எரிந்துபோனது. அப்போது மாத்தளை டவுன் நவாஸ் நாநா, தான் சீஃப் குக்காக இருந்த ஜப்பான் சரக்குக் கப்பலில் என்னை செகண்ட் குக்காகச் சேர்த்துவிட்டார். மூன்று மாசம் பார்ப்பார்கள். கப்டன் நல்லபடி எழுதிக் கொடுத்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வந்த வழியே வீடு.

மரம் இறக்க ஜப்பானில் ஒரு பழைய மீன்பிடித் துறைமுகத்தில் நின்றோம். கப்டனுக்கு அதுதான் சொந்த ஊர். குசினித் தட்டில், தாளில் சுற்றி இரண்டு மாசிக் கட்டைகள் இருந்தன. நாநா கொழும்பில் வாங்கியது என்று நினைத்து, ஒன்றை எடுத்து உரலில் இடித்து, தேங்காய்ச் சம்பல் போட்டேன். மத்தியானம் கோப்பை காலி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பின்நேரம் நாநா வந்து மிச்சக் கட்டையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இது கப்டன்ட சாமான்டா. இந்த ஊர் மீன்காரத் தலைவர்ட மகளுக்கு நாளைக்குக் கலியாணம். இங்க கலியாணத்துக்கு மாசிக் கட்டையத்தான் குடுப்பாங்க, ஒண்டு மாப்பிள, ஒண்டு பொண்ணு எண்டு சோடியாக் குடுக்கோணும். நீ மாப்பிளய இடிச்சிட்டாய்."

"பொண்ணு இருக்காங்கதானே நாநா?"

"வாயப் பொத்து."

பாஸ்போட்டை எடுத்து இடுப்பில் செருகினேன். பிறகு சரக்கறையில் கிடந்த மரத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, காய்கறிக் கத்தியால் மாப்பிள்ளை செதுக்க ஆரம்பித்தேன். காய்ந்த மாசியும் மரமும் பார்வைக்கு ஒன்றுதான். வால் பக்கம் செதுக்கும்போது வாசலில் கப்டன் நின்றார்.

நாநா இங்கிலீசில் எல்லாவற்றையும் ஒப்புவித்தார். நான் சாமி கும்பிடுகிற மாதிரி கத்தியோடு கை கூப்பினேன். கப்டன் மரத்துண்டை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, இதையும் சம்பலில் போடுவீர்களா என்று கேட்டார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் கரைக்கு அனுப்பினார்.

அந்த ஊரில் கடைக்குக் கடை மாசி, விறகு மாதிரி அடுக்கிக் கிடந்தது. புதுச் சோடி ஒன்று வாங்கி வந்தோம். கலியாணம் நடந்தது. மூன்று மாசம் முடிந்ததும் கப்டன் என் வேலையை நிரந்தரமாக்க எழுதிக் கொடுத்தார். மாப்பிள்ளையை இடித்த அன்றைக்கு அந்தச் சம்பலை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் அவர்தான்.