ராகு காலத்துத் தேவாலயப் பாட்டு

எழுபதுகளின் கடைசியில், மலாய் நாட்டு மலையில், எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லா வீட்டு ரேடியோவும் சினிமாப் பாட்டுப் பாடும். எங்கள் வீட்டு ரேடியோ மட்டும் ஞாயிறு சாயங்காலமானால் வெள்ளைக்காரர்களின் சாமியைக் கும்பிடும். அதற்குக் காரணம் நான்தான்.

துரை பங்களாவில் அப்பா சமையல்காரர். எனக்கு அங்கே துணி தேய்க்கிற வேலை. துரையின் மனைவியைத் துரைசானி என்போம். ஞாயிற்றுக்கிழமை தேநீர்க் கோப்பையோடு அவர் சிற்றலை ரேடியோ முன்னால் உட்கார்ந்தால் வீடு இடிந்து விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். இங்கிலாந்தின் பெரிய தேவாலயம் ஒன்றில் பாடுகிற பாட்டை ஏதோ தூரத்து நிலையம் அனுப்பும். முதல் தடவை கேட்டபோது ரேடியோ கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். ஹார்மோனியத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளைச் சேர்த்து அமுக்கின மாதிரி, குரல்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. ஒரு குரலும் விட்டுக்கொடுக்கவில்லை. எப்போதடா முடியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது, எல்லாம் மெல்ல நகர்ந்து ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்தன. எனக்கு முதுகுத்தண்டு சிலிர்த்துவிட்டது.

பழைய காலத்துப் பாட்டா என்று கேட்டேன். இல்லையாம். இதை எழுதினவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், போன வருஷம்தான் எழுதினார் என்று துரைசானி அரைகுறை மலாயில் சொன்னார். என்னால் நம்ப முடியவில்லை. சாமி பாட்டு எழுதினவர் என்றால் பல நூறு வருஷத்துக்கு முன்னால் ஜோதியில் கலந்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு. இவர் பாட்டுக்குச் சாமி பாட்டை எழுதிவிட்டு, கடைக்குப் போய் ரொட்டி வாங்கிக்கொண்டு வருகிறாரா?

துரை குடும்பம் ஒரேயடியாக ஊரைப் பார்க்கப் புறப்பட்டபோது அந்த ரேடியோவை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். தமிழ் ஒலிபரப்பு எங்கள் மலையில் இருமிக்கொண்டே வரும். ஞாயிற்றுக்கிழமைக் கோரஸ் மட்டும் கணீரென்று இறங்கும். சமையல்கட்டு ஜன்னலோரம் ஏரியல் கம்பியை வெளியே இழுத்துக் கட்டி வைத்திருந்தேன். அம்மா அப்பாவிடம் முறையிட்டார்.

"இவ கிறிஸ்து வேதத்துக்கு மாறிடப் போறா, பாத்துக்கிட்டே இருங்க."

"ஹிந்திப் பாட்டு எத்தன வருசமா கேக்குறேன், நான் என்ன பம்பாய்க்காரனாவா ஆயிட்டேன்? விடு லா," என்று மலாய்க்காரர் மாதிரி இழுத்தார் அப்பா.

அந்தச் சமயத்தில்தான் காய்கறித் தோட்டங்கள் இருக்கிற திரிங்காப்பிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளை யார் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தோட்டத்துக் கடைக்குக் காய்கறி இறக்க லோரி ஓட்டிக்கொண்டு வருகிறவர். எனக்கும் முட்டைக்கோஸுக்கும் பிறந்ததிலிருந்தே ஆகாது. ஆனால் அவர் வர ஆரம்பித்த பிறகு வாரம் தவறாமல் நானே போய்க் கோஸ் வாங்கினேன். பொரியல் தின்று தின்று அப்பாவுக்கு நாக்குச் செத்துப் போயிற்று. ஏற்கெனவே ஒரு இடம் ஜாதகத்தில் தட்டிப் போயிருந்தது. அது போனதில் எனக்குக் கவலையே இல்லை. இது போனால் தாங்க மாட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே வந்திருக்க வேண்டியவர்கள். வழியில் மழை, லோரி சேற்றில் இறங்கிவிட்டது. வந்து சேர்ந்தபோது ராகு காலம் பிறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் பொழுது சாய்ந்தால்தான் போகும். எமகண்டத்தில் பிறந்தவர்கள்கூட ராகு காலத்தில் பெண் பார்க்க வர மாட்டார்கள். அதனால் மாப்பிள்ளை வீட்டார் லயத்துக்குள் கால் வைக்காமல் கீழே ரோட்டில் லோரியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அப்பா அங்கே தேநீர் கொடுத்தனுப்பிவிட்டு வாசலில் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா நல்ல கிளாஸ் இரவல் வாங்கப் பக்கத்து வீடுகளுக்குப் போய்விட்டார்.

நான் பட்டுப்புடவையோடு சமையல்கட்டில் மசால் வடைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் வர இன்னும் நேரம் கிடக்கிறது, பாட்டுக்கும் நேரமாகிவிட்டது. மனசு நிலைக்கட்டும் என்று ரேடியோவைத் திருகினேன்.

மாப்பிள்ளையின் அம்மா புருஷனை இழந்தவர். நல்ல காரியத்தில் தன் முகம் முதலில் தெரியக் கூடாது என்று நினைத்து, ராகு காலம் முடிவதற்குள் பின்பக்கமாகவே வந்து ஒதுங்கி உட்கார்ந்துவிடலாம் என்று மேட்டுப் பாதையில் ஏறி வந்திருக்கிறார். பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அடுப்படியைப் பார்த்துவிட வேண்டும் என்கிற எண்ணமும் இருந்தது என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார். அவர் எங்கள் கொல்லைக் கதவுக்கு வந்த நேரம், ரேடியோவில் ஒரு ஒற்றைக் குரல் தேம்பி எழும்பியது. பின்னாலேயே ஒரு கூட்டம் அதை வாங்கிக்கொண்டு "ஆ" என்று இழுத்தது. உள்ளே எட்டிப் பார்த்தால், மணப்பெண் கண்ணும் மூக்கும் ஒழுக நிற்கிறாள்.

இழவு வீட்டு வாசலில் வாயை மூடிக்கொண்டு நிற்பவள் மனுஷியா? அவர் அந்தப் பழக்கத்தில் ஊறினவர். கொண்டையை அவிழ்த்தார். "அய்யோ என் தாயே!" என்று பாய்ந்து வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியை எடுத்தார். போனது யார் என்று தெரியாததால் "ராசா" ஒரு வரி, "ராசாத்தி" ஒரு வரி என்று மாற்றி மாற்றிப் போட்டார். எதற்கும் இருக்கட்டும் என்றுதான். என் கையில் பாதி நறுக்கின வெங்காயம், காதோரம் அவர் குரல், பின்னால் இங்கிலாந்து. அவர் குரல் அந்தக் கோரஸுக்குள் எப்படிப் போய்ப் பொருந்தியது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

ரேடியோ அழுதால் லயம் சும்மா இருக்கும். ஒப்பாரி கேட்டால் இருக்குமா? பெண்கள் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார்கள். முதலில் வந்தவள் வாசலில் அப்பாவைப் பார்த்ததும் திகைத்துவிட்டாள்.

"அண்ணே! நீங்க இல்லையா?"

"நான் இருக்கேம்மா. கோவிச்சுக்காத."

அதற்குள் கங்காணி, நாளைக்குத் தோட்டத்தில் பாதிப் பேர் வேலைக்கு வர மாட்டார்கள் என்று கணக்கெழுதும் கிராணிக்கு ஆள் அனுப்பிவிட்டார். கீழே லோரியிலும் சத்தம் கேட்டிருக்கிறது. மாப்பிள்ளையின் தாய்மாமன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மேலே ஏறி வந்தார். அம்மா இரவல் கிளாஸ்களோடு ஓடி வந்தவர், வாசலில் கூட்டத்தைக் கண்டு இரண்டைக் கீழே போட்டார்.

"அத்தை, யாரும் சாவல. அது ரேடியோ," என்று அவர் பிடிக்குள் இருந்துகொண்டே கத்தினேன். லயத்தில் பார்த்திராத முகம், மாப்பிள்ளையின் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். உறவு முடியாமலே வாய் அத்தை என்று கூப்பிட்டுவிட்டது.

அவர் கையை எடுத்தார். என்னைப் பார்த்தார், வெங்காயத்தைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

வாசலில் விஷயம் தெரிந்ததும் தாய்மாமன் குதித்தார். "பொண்ணு பாக்க வந்த எடத்துல ஒப்பாரியா? அதுவும் ராகு காலத்துல! சகுனமே சரியில்ல. லோரிய எடுறா, போலாம்." அப்பா கையைப் பிசைந்தார். அம்மா நிஜமாகவே அழுதார். ஜன்னல் வழியே மாப்பிள்ளை தெரிந்தார். லோரிச் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு, மாமாவையும் எங்கள் வீட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். போச்சு, எல்லாம் போச்சு. ரேடியோவை நிறுத்தக் கையை நீட்டினேன்.

"இருக்கட்டும்," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. கீழே பலகையில் உட்கார்ந்துவிட்டார். "யாரு செத்துட்டாங்க இவங்களுக்கு?"

"யாரும் சாவலீங்க அத்தை. சாமி பாட்டு. இப்ப இருக்கறவங்க எழுதுறது."

"சாமி பாட்டா? ஒருத்தி எடுத்துக் குடுக்குறா, மத்தவங்க வாங்கிக்குறாங்க. எறங்குற எடத்துல எல்லாரும் சேந்து எறங்குறாங்க. ஒப்பாரி இப்படித்தான் வைக்கணும்." கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு ரேடியோவைப் பார்த்தே பேசினார். "என் வீட்டுக்காரரு போனப்ப அடமழை. ரோடு சரிஞ்சு கெடந்துச்சு. பக்கத்து ஊரு கம்போங் ராஜாவுல இருந்து சொந்தக்காரங்க ஒருத்தரும் வர முடியல. நானே எடுத்து, நானே வாங்கி, ஒத்தையாத்தான் அழுதேன். துணைக்கு ஆளில்ல. இன்னிக்கித்தான் பின்னால இத்தன பேரு வாங்கிப் பாடுனாங்க."

எனக்கு வெங்காயம் இல்லாமலே கண் நிறைந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே தாய்மாமன் இன்னும் சகுன சாஸ்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. அவர் எழுந்தார், கொண்டையை முடிந்தார். வந்த வழியே கொல்லைப்பக்கம் போகாமல் நடு வீட்டைத் தாண்டி முன் வாசலில் தன் தம்பிக்கு எதிரே போய் நின்றார். விதவை முன்னால் வந்து நிற்பதைப் பார்த்துக் கூட்டம் விலகியது.

"டேய் தம்பி, நான் எதுக்கு அழுதேன்? இந்த வீட்டுல அழ வேண்டியத எல்லாம் வாசல்லயே அழுது தீத்துட்டேன். இனிமே என் மருமக அழறதுக்குப் பாக்கி இல்ல. ராகு காலமும் போச்சு லா. லோரில பூ வாடுது, உன் பொண்டாட்டியக் கூப்பிட்டு வைக்கச் சொல்லு."

தாய்மாமன் லோரியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். திரிங்காப்புச் செவந்திப் பூவை அவர் மனைவி என் தலையில் வைத்தார். வாசலில் மாப்பிள்ளை சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார். எனக்கு அது போதும்.

புறப்படும்போது அந்த அம்மா அப்பாவிடம் சொன்னார்: "நகையப் பத்தி நான் கேக்கல. அந்தப் பாட்டுப் பொட்டிய மட்டும் பொண்ணோட அனுப்பிருங்க."

திரிங்காப்பில் எங்கள் வீட்டைச் சுற்றிக் கோஸ் தோட்டம். கோஸே ஆகாது என்ற என் வாய்க்கொழுப்புக்குக் கிடைத்த தண்டனை. ஞாயிறு சாயங்காலம் அத்தை காலை நீட்டி உட்கார்ந்து பாட்டுக் கேட்பார். குறையும் சொல்வார். இன்றைக்கு எடுத்துக் கொடுக்கிறவனுக்குத் தொண்டை சரியில்லை என்பார். நெஞ்சில் அடித்துக்கொள்ளாமல் எப்படித்தான் இப்படிப் பாடுகிறார்களோ என்பார். கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் நேரம் வந்துவிட்டால் வேலையெல்லாம் நின்றுவிட வேண்டும். ரேடியோ கரகரத்து, நிலையம் பிடிபட்டு, முதல் குரல் எழும்பியதும் தோட்டத்துப் பக்கம் பார்த்துக் கூப்பிடுவார்:

"கோஸ அப்புறம் வெட்டலாம், வா புள்ள. துணைக்கு ஆளு வந்துட்டாங்க."