ஒரே வயிற்றுப் பிள்ளைகள், இரண்டு நிற அட்டைகள்

மார்ச் 2, செவ்வாய்க்கிழமை மாலை வரை முருகனின் அடையாள அட்டை திரும்பி வரவில்லை. பர்மாவில் யாங்கோனுக்கு வடக்கே உள்ள இன்சீனிலிருந்து தொலைபேசியில் இதைச் சொன்னவர் அவனுடைய தந்தை சுப்பையா. அட்டை வாங்கி வைக்கப்பட்ட நாளில் நான் அந்த ஊரில் இருந்தேன், ரசீதையும் பார்த்தேன். ஆகவே இந்தப் பயணக் குறிப்பில் பகோடாக்கள் அதிகம் வராது. பெயர்களை மாற்றியிருக்கிறேன், அலுவலகம் எது என்று சொல்லவில்லை. மற்றவை நடந்தபடி.

பிப்ரவரியில் பத்து நாள் விடுப்பில் போயிருந்தேன். சென்னையில் எங்கள் தெருவில் இருக்கும் சுப்பையாவின் சித்தப்பா மகன் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். உள்ளே சுப்பையாவுக்குச் சர்க்கரை மாத்திரை, அவர் மகள் மீனாவுக்கு இரண்டு உயிரியல் புத்தகங்கள். கொடுத்துவிட்டு மதியத்துக்குள் திரும்புவதாகத் திட்டம்.

16ஆம் தேதி காலை 7.10க்கு மத்திய நிலையத்தில் வட்டப்பாதை ரயில் ஏறினேன். வெளிநாட்டவருக்குக் கட்டணம் ஒரு டாலர். கடவுச்சீட்டு எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகே பயணச்சீட்டு தருகிறார்கள். ரயில் மெதுவாகத்தான் போகும். இன்சீன் போய்ச் சேர ஐம்பது நிமிடம் ஆனது. அங்கிருந்து சைக்கிள் ரிக்‌ஷாவில் ஒன்றரை கிலோமீட்டர், 400 ஜாட். பர்மியப் பணத்தை அங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சுப்பையாவின் தந்தை தமிழ்நாட்டிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். சுப்பையா இங்கேயே பிறந்து, பர்மியப் பெண்ணான டோ லாவை மணந்தார். மூத்தவன் முருகன், இருபத்திரண்டு வயது, பணிமனையில் ஃபிட்டர். இளையவள் மீனா, பதினெட்டு. பள்ளிக்கும் வேலைக்கும் இருவருக்கும் பர்மியப் பெயர்கள் உண்டு. இப்படி இரு இனத்துக்குப் பிறந்தவர்களைக் ‘கபியா’ என்பார்கள். கலப்பு என்று பொருள். எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது வசவும் ஆகும்.

நான் போன நேரத்தில் மேசைமேல் இரண்டு அடையாள அட்டைகள் இருந்தன. 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு அட்டை, அதற்கு அடுத்த படியான இணைக் குடிமகனுக்கு நீலம். முருகனின் அட்டை இளஞ்சிவப்பு. இனம் என்ற இடத்தில் பர்மா. மீனாவின் அட்டை நீலம். இனம் இந்தியா, பர்மா. தகப்பன் பெயரும் தாய் பெயரும் இரண்டிலும் ஒன்றே. சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். இந்த வீட்டைப் போலத் தாய் முழுக் குடிமகள், தகப்பன் இணைக் குடிமகன் என்றால் பிள்ளை முழுக் குடிதான். ஒரே வயிற்றில் பிறந்தவர்களை இரண்டாகப் பிரிக்கும் பிரிவு எதுவும் அதில் இல்லை.

“அப்புறம் எப்படி?” என்றேன்.

“அவன் அவுக அம்மா நிறம், இவ என் நிறம்,” என்றார் சுப்பையா. “கவுண்டர்ல இருந்தவுக ஏறிட்டுப் பாத்தாக, எழுதுனாக. அம்புட்டுத்தான்.”

டோ லா அடுப்படியிலிருந்து பர்மிய மொழியில் ஏதோ சொன்னார். மீனா தமிழுக்குச் சொல் தேடித் தேடிப் பெயர்த்தாள்: “ரெண்டு பேரையும் நாந்தான் பெத்தேன், கவுண்டர்காரங்க பெக்கலன்னு அம்மா சொல்றாங்க.”

மார்ச்சில் மீனாவுக்குப் பள்ளியிறுதித் தேர்வு. முடிவு ஜூனில் வரும். மதிப்பெண் எவ்வளவு எடுத்தாலும் நீல அட்டைக்கு மருத்துவக் கல்லூரியில் இடமில்லை. அட்டையைத் திருத்தச் சொல்லி இரண்டு முறை மனுக் கொடுத்தாயிற்று. ஆதாரம் போதாதென்று திருப்பிவிட்டார்கள். மிச்சமிருந்த ஒரே ஆதாரம் அண்ணனின் அட்டை. அதைக் காட்டினால் அதையும் தோண்டுவார்கள், முருகனின் அரசாங்க வேலைக்கு ஆபத்து. உரிமையைக் கேட்க வேண்டுமென்றால் கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இதற்குப் பெயர் நிர்வாகம்.

தன் அட்டையையே காட்டுவதென்று முருகன் அன்று அரைநாள் விடுப்பு போட்டு, மீனாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். நானும் கூடப் போனேன். அட்டை வழங்கும் அலுவலகத்துக்கு எதிரே தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். தேநீர் 200 ஜாட்.

“இந்த மூஞ்சிக்கு நீலந்தான் எடுப்பா இருக்கும்னு பாத்துக் குடுத்திருக்காங்க,” என்றான் முருகன்.

“போண்ணே, வெள்ளைக் கலா,” என்றாள் மீனா. ‘கலா’ என்பது இந்திய முகங்களைப் பார்த்துத் தெருவில் வீசும் சொல். அதை இவர்கள் வீட்டுக்குள் செல்லப் பேச்சாக்கி வைத்திருக்கிறார்கள். பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். “உங்க அட்டையக் குடுக்க வேணாம். நான் டீச்சர் வேலைக்குப் பாக்குறேன்.”

“நீ டாக்டரானா எனக்கு வைத்தியம் ஓசி.”

“ஊசி மட்டுந்தான் ஓசி. பெருசா போடுவேன்.”

“போடு,” என்று எழுந்துகொண்டான்.

நான் உள்ளே போகவில்லை. வெளிநாட்டவன் கூட வந்தால் அவர்களுக்குத்தான் கேடு. 9.40க்குப் போனவர்கள் 11.20க்கு வந்தார்கள். உள்ளே நடந்ததை இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவர் சொன்னதும் பொருந்தியது. எழுத்தர் பெண்மணி மரியாதையாகவே பேசியிருக்கிறார். இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, “ரெண்டுல ஒண்ணு தப்பு. எது தப்புன்னு மேல முடிவு பண்ணுவாங்க,” என்று இரண்டையுமே இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார். ரசீதில் ‘பரிசீலனைக்கு’ என்ற ஒரே சொல்.

முப்பதாண்டுக்கு மேலாகச் செய்தி எழுதுகிறேன். சட்டத்தை மீறும் அலுவலகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓர் அலுவலகம் தன் தவறைக் காட்டிய குற்றத்துக்கு, ஒழுங்காக இருந்த அட்டையையும் பறித்துக்கொண்டதை இங்கேதான் பார்த்தேன். முகத்தைப் பார்த்து இனம் எழுதிய அந்தக் கையை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்த இருவர்தான்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். டாலர் நோட்டில் மடிப்போ கறையோ இருந்தால் வாங்க மாட்டார்கள். வட்டப்பாதை ரயிலுக்குக் கடவுச்சீட்டை மறக்க வேண்டாம். அலுவலகங்களைப் படமெடுக்காதீர்கள். நண்பர் வீடானாலும் இரவு தங்காதீர்கள். விருந்தாளியை வட்டார அலுவலகத்தில் பதிய வேண்டும், மாட்டிக்கொள்வது வீட்டுக்காரர். முக்கியமாக, “நீங்க தமிழா, பர்மாவா?” என்று யாரையும் கேட்காதீர்கள். வேறு இடங்களில் அந்தக் கேள்வி அவர்கள் காதில் போதுமான அளவு விழுந்துவிட்டது.

இப்போதைய நிலவரம்: அட்டை இல்லாததால் முருகன் வெளியூர் போக முடியாது. பணிமனையில் இன்னும் யாரும் கேட்கவில்லை. மீனா தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். நுழைவுச்சீட்டு கையில் இருப்பதால் எழுதத் தடையில்லை என்கிறார் சுப்பையா. பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா விடுமுறை முடிந்து ஏப்ரல் 26, திங்கட்கிழமை வரும்படி எழுத்தர் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். ரசீதில் அந்தத் தேதி இல்லை. அன்று தர வேண்டியவை இரண்டு அட்டைகள். என்ன நிறத்தில் என்பது இன்னும் யாருக்கும் தெரியாது.