ஒரு சாண் தூரம்

ஸ்ரீ சிட்டியில் எங்கள் தொழிற்சாலை மேனேஜர் கோல்ஃபில் புலி. முதலாளியோடு ஆடும்போது மட்டும், ஜெயிக்கிற நேரத்தில் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைப்பார். அடுத்த அடியில் பந்து குழியைத் தவறவிடும். காரணம் எங்களுக்குத் தெரியும், யாரும் கேட்டதில்லை.

ஒரு ஞாயிறு அவர்கள் ஆடிய போட்டியைப் பார்க்க அவர் மனைவி நகரியிலிருந்து வந்திருந்தார். கடைசிக் குழிக்கு ஒரு சாண்தான் தூரம். மேனேஜர் தொப்பியைக் கழற்றினார்.

கிளப்பில் சாப்பிடும்போது அந்த அம்மாள் முதலாளியிடம் போய், "தெனம் விடியகாலைல எழுந்து ஆடிப் பழகிக்கினு கீறாரு சார். அப்பவும் பந்து போவ மாட்டேங்குது. நீங்கதான் கொஞ்சம் சொல்லிக்குடுக்கணும்" என்றார்.

முதலாளி மகிழ்ந்துபோய், கரண்டியையே மட்டையாகப் பிடித்துக் காட்டினார். மேனேஜர் "சரி சார், சரி சார்" என்று கேட்டுக்கொண்டார். காது மடல் சிவந்திருந்தது. என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அடுத்த ஞாயிறு முதலாளியோடு ஆட வேண்டியவன் நான். தொப்பி என்னிடமும் ஒன்று இருந்தது.