லேனி உட்கார்ந்த காலி நாற்காலி

லேனி ருவோனாவுக்குப் பயம் வந்தால் முதலில் கழுத்துதான் காட்டிக்கொடுக்கும். காதுக்குக் கீழே ஒரு சிவப்புத் திட்டு வரும், அப்புறம் அது தொண்டைக்குழி வரை பரவும். அதை மறைக்க செப்டம்பரிலேயே கழுத்து மூடிய ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருவாள். குளிர்ப்பிரதேசமான எங்கள் ஊரில் செப்டம்பர் வெயில் என்பதே போனால் போகிறதென்று அடிக்கிற வெயில்தான். இருந்தாலும் மற்ற பெண்கள் அரைக்கைச் சட்டையில் திரியும்போது இவள் மட்டும் கம்பளிக்குள் வேர்த்துக்கொண்டிருப்பாள். பிரெண்ட் ஸ்கோக்லண்ட் அவளுக்கு 'சிக்னல்' என்று பெயர் வைத்திருந்தான். "சிக்னல் விழுந்துருச்சு, எல்லாரும் நில்லுங்கப்பா!" என்பான். டாக்டர் மகன். வகுப்பிலேயே கெட்டிக்காரன், ஆனால் வாய்க்கொழுப்பு கெட்டித்தனத்தைவிட ஒரு படி கூட.

லேனி என் பெரியப்பா மகள், என் வயசுக்காரி. பெரியப்பா சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறார். சின்ன வயசில் லேனி எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறினாள். மற்றவர்கள் கதை படிக்கிற நேரத்தில் ஒரு டீச்சர் வந்து அவளை மட்டும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார். துடைப்பமும் வாளியும் வைக்கிற அறைக்குப் பக்கத்து அறையில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுவார். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் அப்படித்தான். போகும்போதும் வரும்போதும் பிள்ளைகள் பார்த்துச் சிரித்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பிள்ளைகளா அதுகள், பிசாசுகள்.

அப்படிப்பட்டவள் எந்தக் கணத்தில் புத்தகப் பைத்தியம் ஆனாள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. குளிர்கால விடுமுறையெல்லாம் அப்பாவோடு லாரியில் ஏறிக்கொண்டு, லைப்ரரி புத்தகங்களாகத் தின்று தீர்த்தாள். ஒன்பதாம் வகுப்பு முடியும்போது, பத்தாம் வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று தனியாக நடக்கும் ஹானர்ஸ் இங்கிலீஷ் வகுப்பில் சேர வேண்டும் என்று தானே போய்க் கேட்டாள். அந்த வகுப்பை நடத்துகிற மிசஸ் திபோடோவின் மேஜைக்கு முன்னால், கழுத்து தீப்பிடித்த மாதிரி சிவக்க நின்றாள்.

"உன் மார்க் பத்தாதும்மா. ஆனா நீ எழுதின கட்டுரையப் படிச்சேன். எழுத்துல எனக்குக் கவலை இல்ல" என்றார் மிசஸ் திபோடோ. "இங்க பேசணும். கிறிஸ்துமஸுக்குள்ள மூணு செமினார் வரும். ஒண்ணுலயாவது நீ பேசணும். இல்லன்னா சாதாரண வகுப்புக்கு மாத்திருவேன். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது. சம்மதமா?"

லேனி தலையை ஆட்டினாள். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை ஐஸ்கட்டி மாதிரி இருந்தது.

ஹானர்ஸ் என்றால் ஏதோ மாலை மரியாதை என்று நினைத்து வந்து மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. கோடை விடுமுறையில் இரண்டு நாவல் படித்துவிட்டு வர வேண்டும், திறந்த முதல் நாளே அதில் பரீட்சை. படிக்கும்போது பக்க ஓரத்தில் நமக்குத் தோன்றியதை எழுதியிருக்க வேண்டும். எழுதினோமா என்று ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டிப் பார்ப்பார். பனிப்புயலில் பள்ளிக்கூடமே மூடிக் கிடந்தாலும் கட்டுரை மட்டும் சொன்ன நேரத்துக்குக் கம்ப்யூட்டரில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு நிமிஷம் தாமதித்தால் பூஜ்ஜியம். அம்மா அப்பா போய்ச் சண்டை போட்டாலும் பூஜ்ஜியம் பூஜ்ஜியம்தான். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். செமினார் இருக்கிறதே, அதுதான் எமன்.

செமினார் அன்று பாதிப் பேர் நடுவில் வட்டமாக உட்கார்ந்து நாவலைப் பற்றிப் பேசுவார்கள். மீதிப் பேர் சுற்றி வெளிவட்டத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். மிசஸ் திபோடோ ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவார். மணி அடிக்கிற வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். உள்வட்டத்தில் ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருக்கும். வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் எழுந்து போய் அந்தக் காலி நாற்காலியில் உட்கார வேண்டும். அவர்கள் பேசி முடிக்கும்வரை வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. பேசினால் மட்டும் போதாது, பக்க எண்ணைச் சொல்லி புத்தகத்திலிருந்து ஒரு வரியாவது வாசிக்க வேண்டும். வாசிக்காவிட்டால் பேசினதாகக் கணக்கில்லை. பக்கத்தில் இருப்பவர் ஒரு தாளில் டிக் போடுவார்.

முதல் செமினாரில் லேனி வாயே திறக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. இரண்டாவதில் அவள் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டாள். பிரெண்ட் திரும்பிப் பார்த்து, "சிக்னல்" என்று வாயசைத்தான். அவனை அங்கேயே நாலு சாத்து சாத்தியிருப்பேன். ஆனால் வெளிவட்டத்தில் இருப்பவர்கள் சத்தம் போடக் கூடாதே.

மூன்றாவது செமினாருக்கு முந்தின வாரம் முழுக்க லேனி சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்குப் பிடிக்கும் என்று பெரியம்மா மாவுக்குள் இறைச்சி வைத்து மடித்துச் சுட்ட பாஸ்டியை நாய்க்குப் போட்டுவிட்டாள். சொல்லப்போகிற மூன்று விஷயங்களைச் சின்ன அட்டைகளில் எழுதி வைத்திருந்தாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவற்றையே திரும்பத் திரும்ப முணுமுணுத்தாள்.

"சாதாரண வகுப்புக்குத்தான் மாத்தட்டுமே, என்ன குடியா முழுகிரும்?" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

"உனக்கென்னடி, சொல்லுவ. உன்ன யாரும் துடைப்ப ரூம் பக்கத்துல உக்கார வெச்சதில்ல. மறுபடியும் வகுப்புல இருந்து எல்லாரும் பாக்க எந்திரிச்சுப் போகணும்னா நான் செத்துருவேன், மார்னி. நெஜமா செத்துருவேன்."



அன்றைக்கு இருவருமே வெளிவட்டம். அவளுக்கு டிக் போட வேண்டியவள் நான். அன்று பேச வேண்டிய நாவல் எங்கள் பக்கத்துக் கதை மாதிரியே இருக்கும். எல்ஸ்பெத் என்று ஒருத்தி ஏரிக்கரையில் குடியிருக்கிறாள். ஒரு நாள் அவள் கொழுந்தன் உறைந்த ஏரியின் மேல் நடந்து போகிறான். அவன் போகிற திசையில் பனி மெலிசு என்று அவளுக்குத் தெரியும். கரையில் நின்று பார்க்கிறாள். கத்தவில்லை. பனி உடைந்து அவன் தண்ணீருக்குள் போய்விடுகிறான்.

உள்வட்டத்தில் பேச்சு ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ஒரு பெண் பனியின் நிறத்தைப் பற்றிச் சொன்னாள். தான் சொல்ல வைத்திருந்ததை அவள் முந்திக்கொண்டுவிட்டதால், லேனி முதல் அட்டையை மடியில் கவிழ்த்தாள். இன்னொருத்தன் கொழுந்தன் கையிலிருந்த விளக்கைப் பற்றிச் சொன்னான். இரண்டாவது அட்டையும் போனது. கடைசியாக, காற்று நின்றுபோனதைப் பற்றிப் பிரெண்டே அழகாக, பக்க எண்ணோடு, சொல்லி முடித்தான். லேனியின் மடியில் மூன்று அட்டையும் கவிழ்ந்து கிடந்தன.  அவள் கழுத்தில் சிவப்பு ஏறுவதை ஸ்வெட்டரையும் மீறிப் பார்த்தேன்.

"என்னால நம்பவே முடியல" என்று பிரெண்ட் தொடர்ந்தான். "ஒரு மனுஷன் சாகப் போறான், கத்தறதுக்கு என்ன கஷ்டம்? வாயத் தொறந்தா சத்தம் வருது, அவ்வளவுதானே? ஒண்ணு அவ அவன் சாகணும்னு நெனச்சிருக்கணும், இல்லன்னா எழுதினவருக்கு மனுஷங்களப் பத்தி ஒண்ணும் தெரியல."

"ஆமாமா, யாரா இருந்தாலும் கத்திருப்பாங்க" என்றாள் பக்கத்தில் இருந்தவள். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

லேனி எழுந்தாள். அட்டைகள் தரையில் விழுந்தன. எடுக்கவில்லை. புத்தகத்தோடு போய்க் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள், அதுதானே சட்டம். லேனி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மூடினாள். மறுபடி திறந்தாள். அய்யோ, அந்த நேரத்தை எப்படிச் சொல்வேன்! யாரோ சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு தன்னாலே அடங்கிப்போனது. ஹீட்டர் கடகடவென்று ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. மிசஸ் திபோடோ ஜன்னலோரம் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகமும் வெளிறிப்போயிருந்தது. 'சொல்லுடி, எதையாவது சொல்லித் தொலை, உன் பேரையாவது சொல்லு' என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். எனக்கும் சத்தம் வரவில்லை. பிரெண்ட்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். எவனாவது அந்த மௌனத்தை உடைத்துவிட மாட்டானா என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது.

"இவ்வளவு நேரமாச்சு" என்றாள் லேனி. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது குரல். "நான் பேசணும்னுதான் வந்தேன். பேசலன்னா இந்த வகுப்புல இருந்து என்ன அனுப்பிருவாங்க. அது எனக்குத் தெரியும். பேசக் கூடாதுன்னு நான் நெனைக்கல. எனக்கு இந்த வகுப்பு வேணும், வேற எதையும் நான் இவ்வளவு ஆசப்பட்டதில்ல. அப்படியும் வாயத் தொறந்தா ஒண்ணும் வரல. நீங்க எல்லாரும் பாத்தீங்க." மூச்சு வாங்கினாள். "எல்ஸ்பெத் அவன் சாகணும்னு நெனைக்கல. அவளுக்குப் பயம். அவ்வளவுதான்."

 லேனி எழுந்திருக்கப் போனாள். என் தாளில் பக்க எண் போடுகிற இடம் காலியாக இருந்தது. வரி வாசிக்கவில்லை, பேசினதாகக் கணக்கில்லை, எல்லாம் மண்ணாய்ப் போகப் போகிறது என்று நினைத்தேன். நான் கண்ணால் சாடை காட்டினேன், அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. பாதி எழுந்தவள் நின்றாள். அப்புறம் அவளாகவே உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். கை நடுங்குகிற நடுக்கத்தில் தாள்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. பக்கம் நிற்கவே இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த பிரெண்ட் ஸ்கோக்லண்ட் குனிந்து அந்தப் புத்தகத்தின் இரண்டு ஓரத்தையும் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"பக்கம் நூத்தி நாப்பத்தொண்ணு" என்றாள் லேனி. பிறகு வாசித்தாள்: "அவள் வாய் திறந்தே இருந்தது. குளிர்காற்று உள்ளே போனது. அவளிடமிருந்து எதுவும் வெளியே வரவில்லை."

நான் டிக் போட்டேன். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டேன்.

மணி அடித்ததும் மிசஸ் திபோடோ வந்து அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். "நீ இங்கயே இருக்கலாம், லேனி" என்றார். லேனி அப்பாடா என்று மூச்சு விடுகிற நேரம் பார்த்து, "அடுத்த மாசம் உள்வட்டத்துல உக்காரணும்" என்றும் சொன்னார். லேனி நேராகப் பாத்ரூமுக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். நான் அவள் முடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சாயந்தரம் பெரியப்பா பள்ளிக்கூட வாசலில் வண்டியோடு காத்திருந்தார். அன்று வேலைக்கே போகவில்லை என்று பின்னால்தான் தெரிந்தது.

"என்னடி ஆச்சு?"

"இருக்கலாம்னு சொல்லிட்டாங்கப்பா."

பெரியப்பா சந்தோஷத்தில் ஹாரனை ஓங்கி அடித்தார். "நான்தான் சொன்னேன்ல! ஒரு தடவ வாயத் தொறந்துட்டா பயம் ஓடியே போயிரும்!"

"போகலப்பா. அடுத்த மாசத்த நெனச்சா இப்பவே வயித்தக் கலக்குது. இனிமே எப்பவும் போகாதுன்னு நெனைக்கிறேன்."

பெரியப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். மகளை இப்படி வதைக்கிற ஒன்று எதற்கு என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "அப்படின்னா அந்தச் சனியன் எதுக்கும்மா? விட்டுத் தொலையேன். உன்ன யாரு என்ன சொல்லப் போறா?"

லேனி கழுத்தைத் தடவிக்கொண்டாள். சிவப்பு இன்னும் இறங்கவில்லை.

"நான் பக்கத்தச் சொன்னதும்," என்றாள், "எல்லாரும் புஸ்தகத்தத் தொறந்து அந்தப் பக்கத்த எடுத்துப் பாத்தாங்கப்பா."