வேடசந்தூர் அடங்காத மேப்

எங்கள் மேப்பில் வேடசந்தூர், திண்டுக்கல் ரயில் நிலையத்துக்கு நேர் பின்னால் இருந்தது. அதற்கு மேல் தள்ளி வைக்க அந்த கேமில் இடமில்லை.

அது பஸ் ஓட்டும் கேம். பஸ் ஓட வேண்டிய ஊரை நாமே வரைந்துகொள்ளலாம். நாங்கள் எங்கள் திண்டுக்கல்லையே வரைந்தோம். அப்போது நான் நாலாம் வகுப்பு. அக்கா நர்சிங் முடித்து, ஊரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். டியூட்டி முடிந்து வந்ததும் ஒரே நாற்காலியில் ஒட்டி உட்காருவோம். மவுஸ் அவள் கையில், யோசனையெல்லாம் என் வாயில்.

மலைக்கோட்டைதான் பெரும்பாடு. அந்த கேமுக்குத் தெரிந்த மலையெல்லாம் கூரானவை. உச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக மழுக்குவோம். கை தவறினால் கீழே இருக்கிற தெருவும் சேர்ந்து பள்ளமாகிவிடும். பழையபடி ஆக்க வழி கிடையாது. மரமென்று இருந்ததும் ஊசியிலை மரம் ஒன்றுதான். அதைச் சுற்றிலும் நட்டதில் எங்கள் பஸ் ஸ்டாண்டு வருடம் முழுக்க கிறிஸ்துமஸ் கொண்டாடியது.

அப்பா வேடசந்தூர் மில்லுக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டினார். ஒருநாள் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

“வேடசந்தூர் இம்புட்டுக் கிட்டக்க இருந்தா, நான் மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்கு வந்துருவேனே,” என்றார்.

அவர் சிரிக்காமல் சொன்னதில் எனக்கு ரொம்ப அவமானமாகப் போயிற்று.

கேமைச் செய்தவர்கள் அடுத்த பதிப்புக்கு யோசனை கேட்டிருப்பதை அக்காதான் கண்டுபிடித்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் தட்டினாள். மேப் பெரிதாக வேண்டும். மழுங்கின மலை வேண்டும். தப்பாகப் போட்டதை அழிக்க ஒரு பட்டன், அப்புறம் தென்னை மரம். நான் முடித்த பிறகும் அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.

“என்னக்கா எழுதுற?”

“ரெண்டு பேரு வேற வேற ஊர்ல இருந்து ஒரே மேப்பத் தெறந்து, சேந்து வரையணும்னு.”

“நம்மதான் ஒரே சேர்ல உக்காந்துருக்கோமே. அது எதுக்கு?”

“இருக்கட்டும் பாப்பா. கேட்டு வைப்போம்.”

வேண்டாததைக் கேட்டால் வேண்டியதையும் தராமல் விட்டுவிடுவார்களோ என்று எனக்குக் கவலை. அதை எடுக்கச் சொல்லி அடம்பிடித்தேன். அக்கா என் தலையைத் தடவிக்கொண்டே அனுப்பிவிட்டாள்.

அடுத்த மாதம் அவள் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனாள். பெட்டிக்குள் அம்மா பருப்புப்பொடியைத் திணித்துக்கொண்டிருந்தபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை. அவ்வளவு வேகமாகப் போகும் விமானம் இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்துவிடுவாள் என்றிருந்தேன். ஞாயிறுகள் போய்க்கொண்டே இருந்தன. தனியாக விளையாடும்போதும் நாற்காலியின் ஒரு ஓரத்தில்தான் உட்கார வந்தது. மவுஸ் பிடித்துப் பழகாத என் கையில் சாலைகளெல்லாம் கோணின.

மறு வருடம் புதிய பதிப்பு வந்தது. மேப் அகன்றிருந்தது, மலை மழுங்கியது, தென்னையும் இருந்தது. வேடசந்தூரைத் தூக்கி, காய்ந்த வெளியெல்லாம் தாண்டி, அது இருக்க வேண்டிய தூரத்தில் வைத்தேன். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பஸ் அங்கே போய்ச் சேரும்வரை பொறுமையாகப் பார்த்தார்.

“இப்பச் சரியா இருக்கு. தூரந்தான்,” என்றார்.

அன்று சாயங்காலம் அக்கா போனில் வந்தாள். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

“நான் கேட்டது வந்துச்சா பாப்பா?”

“அது வரலக்கா. அது நமக்கு எதுக்கு? தென்னமரம் வந்துருச்சு.”

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. லைன்தான் சரியில்லை என்று நினைத்து, “அக்கா, கேக்குதா? கேக்குதா?” என்று கத்திக்கொண்டே, சிக்னல் கிடைக்கட்டுமென்று மொட்டைமாடிக்கு ஓடினேன்.